சரக்கு எங்கே நிற்கிறது என்று நடந்து பாருங்கள்: திருப்பூர் பனியன் கம்பெனி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர் பின்னலாடை நிறுவன உரிமையாளர்களுக்கும் ஃபேக்டரி மேனேஜர்களுக்கும்,

வணக்கம்.

ஷிப்மெண்ட் தேதி நெருங்கினால் பெரும்பாலான கம்பெனிகளில் நடப்பது ஒன்றுதான். தையல் லைனில் ஒன்றரை ஷிப்ட், ராத்திரி செக்கிங், கடைசி இரண்டு நாள் பேக்கிங்கில் ஆள் தட்டுப்பாடு, அதற்கும் மேலே போனால் ஏர் ஷிப்மெண்ட். பழி மட்டும் ஒவ்வொரு முறையும் தையல் லைன் மேல் விழுகிறது. டெய்லர் வேகம் பத்தவில்லை, எஃபிஷியன்சி ஏறவில்லை, புது மெஷின் போடலாம் என்று பேச்சு ஓடுகிறது. ஆனால் அந்த ஆர்டர் நூலாக உள்ளே வந்த நாளிலிருந்து அட்டைப்பெட்டியாக வெளியேறிய நாள் வரை எங்கெங்கே, எத்தனை நாள் சும்மா கிடந்தது என்ற கணக்கு யாருடைய மேசையிலும் இருப்பதில்லை. அந்தக் கணக்கை ஒரே தாளில் கொண்டுவரும் முறைதான் வேல்யூ ஸ்ட்ரீம் மேப்பிங். வரும் சீசனில் ஒரே ஒரு ஸ்டைலுக்காவது அதைச் செய்து பாருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

இது டொயோட்டா கார் கம்பெனியில் வளர்ந்த முறை; கார் கம்பெனி முறை பனியனுக்கு எப்படி ஒத்து வரும் என்ற கேள்வி உடனே வரும். டொயோட்டா குடும்பத்தின் முதல் தொழில் தறி. சாகிச்சி டொயோடா 1924-இல் முடித்த ஜி வகைத் தானியங்கித் தறி, நூல் அறுந்ததும் தானாக நின்றுவிடும்; பழுதுத் துணியை மேலே மேலே நெய்துகொண்டு போகாது. இன்று நம் நிட்டிங் மெஷினில் நூல் அறுந்தால் விளக்கு எரிந்து மெஷின் நிற்கிறதே, அதே கருத்துதான். டொயோட்டா உற்பத்தி முறையை வளர்த்த தைச்சி ஓனோ 1932-இல் வேலைக்குச் சேர்ந்ததும் டொயோடா நூற்பு–நெசவு ஆலையில்தான். கார் பக்கம் வந்தது 1943-இல். சரக்கும் தகவலும் ஓடும் பாதையை ஒரு தாளில் வரைந்து பார்க்கும் பழக்கம் அங்கே வளர்ந்து, 1990-களின் கடைசியில் இந்தப் பெயரோடு உலகம் முழுக்கப் போனது. ஜவுளியில் பிறந்த சிந்தனை, ஜவுளிக்கு ஒத்து வராமல் போக வழியில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் கம்பெனி எண்களை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். ஆர்டர் 24,000 பீஸ். ரவுண்ட் நெக் டி-ஷர்ட், 180 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 180 கிராம்) சிங்கிள் ஜெர்சி, மூன்று நிறம், நான்கு சைஸ், நெஞ்சில் சின்ன பிரிண்ட். பீஸுக்கு 200 கிராம் என்றால் 4,800 கிலோ ஃபினிஷ்டு துணி. நிட்டிங், டையிங் கழிவையும் சேர்த்தால் சுமார் 5,300 கிலோ நூல்.

நூல் குடோனில் 4 நாள் கிடக்கிறது. ஒரு ரோல் பின்ன 3 மணி நேரம். கிரே துணி (சாயம் போடாத பின்னிய துணி) மொத்தமும் சேர்ந்து, டெம்போ ஏறி, டையிங்கில் முறை வரும்வரை 7 நாள். சாயம், ட்ரையர், காம்பாக்டிங் (துணி பின்னால் சுருங்காதபடி அழுத்துவது) எல்லாம் சேர்த்து ஒரு லாட்டுக்கு (ஒரு தடவை சாயம் போடும் துணிக்கு) 16 மணி நேரம். ஷேட் (நிறச் சாயல்) ஓகே ஆகி, வண்டி கிடைத்துத் துணி வந்து சேர 4 நாள். துணி செக்கிங், ரிலாக்சேஷன் (ரோலைப் பிரித்துத் துணியைத் தளர விடுவது) 2 நாள். வெட்ட ஒரு மணி நேரம். வெட்டிய முன்பாகம் பிரிண்டிங்குக்குப் போய்த் திரும்ப 5 நாள்; அதில் உண்மையான பிரிண்டிங் வேலை 2 மணி நேரம். திரும்பிய கட்டிங் தையலுக்காக 6 நாள் காத்திருக்கிறது. லைனுக்குள் 1 நாள்; ஒரு பீஸுக்கான தையல் வேலை 6 நிமிடம். செக்கிங்குக்காக 2 நாள், அயர்னிங்–பேக்கிங்குக்காக 3 நாள். இந்த வேலைகளுக்குப் பீஸுக்கு 5 நிமிடம். பெட்டி கட்டிய பிறகு எண்ணிக்கை குறைந்த சைஸ் வந்து சேரவும் இன்ஸ்பெக்ஷனுக்கும் 4 நாள்.

கூட்டிப் பாருங்கள். 38 நாள் காத்திருப்பு. துணி மேல் கையோ மெஷினோ பட்ட நேரம் ஏறத்தாழ 22 மணி, அதாவது ஒரு நாள்கூட இல்லை. டெய்லரை விரட்டி வேகத்தை 10 சதவீதம் ஏற்றினால் 6 நிமிடம் ஏறத்தாழ 5.5 நிமிடமாகும். கூலிச் செலவு கொஞ்சம் இறங்கும், மறுக்கவில்லை. 38 நாள் அப்படியே நிற்கும். ஆர்டர் லேட் ஆவது இந்த 38-இல்தான். நாம் பணமும் கவனமும் கொட்டுவது அந்த 6 நிமிடத்தில்.

இனி, வரையும் முறை. முதலில் எந்த ஸ்டைலை எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். கம்பெனி முழுவதையும் ஒரே தாளில் வரைய முயன்றால் அது வரைபடமாக இருக்காது, சிலந்தி வலையாகிவிடும். கடந்த ஆறு மாத ஸ்டைல்களை ஒரு பக்கம், நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி, ஓவர்லாக், பிளாட்லாக் என்று வேலைகளை மறு பக்கம் எழுதிக் கட்டம் போட்டு டிக் அடியுங்கள். டிக்குகள் பெரும்பாலும் ஒத்துப்போகும் ஸ்டைல்கள் ஒரு குடும்பம். ரவுண்ட் நெக் ஒரு குடும்பம், காலர் வைத்த போலோ வேறு, எலாஸ்டிக் போட்ட பேன்ட் வேறு. அதிகப் பீஸ் ஓடும் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஏ3 தாள், பென்சில், ரப்பர், ஸ்டாப் வாட்ச் போதும். கம்ப்யூட்டரில் வரைய வேண்டாம். அங்கே உட்கார்ந்தால் கோடுகளை அழகாக்குவதில் நாள் போகும். நடையை ஷிப்மெண்ட் வாசலில் தொடங்கி, பேக்கிங், அயர்னிங், செக்கிங், தையல், கட்டிங் என்று பின்னோக்கிப் போய் நூல் குடோனில் முடியுங்கள். பையர் (ஆர்டர் கொடுத்தவர்) பக்கமிருந்து பார்த்துக்கொண்டு வந்தால்தான் ‘இது ஏன் இங்கே இவ்வளவு கிடக்கிறது’ என்ற கேள்வி எழும். நூலிலிருந்து முன்னோக்கி நடந்தால் எல்லாமே தேவையான ஸ்டாக்காகத் தெரியும்.

தாளின் வலது மேல் மூலையில் பையர், இடது மேல் மூலையில் நூல் மில், நடுவில் மேலே உங்கள் ஆபீஸ். கீழே இடமிருந்து வலமாக ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெட்டி. இரண்டு பெட்டிக்கு நடுவில் சரக்கு கிடக்கும் இடத்தில் முக்கோணம், அதற்குள் எண்ணிக்கை. அந்த எண்ணிக்கையைக் கையால் எண்ண வேண்டும். ஈ.ஆர்.பி. (கம்ப்யூட்டர் கணக்கு சிஸ்டம்) சொல்வதை எழுதக் கூடாது. சிஸ்டத்தில் 6,000 கட்டிங் பீஸ் என்று இருக்கும். ரேக்கடியிலும் மாடிப்படி ஓரத்திலும் பிரிண்டிங் யூனிட்டின் வராந்தாவிலுமாகச் சேர்த்தால் 9,000 இருக்கும். எண்ணியதை நாளாக மாற்றுவது எளிது: கிடக்கும் பீஸை ஒரு நாள் தேவையால் வகுத்தால் போதும். தினம் 1,500 பீஸ் தேவைப்படும் ஆர்டரில் 9,000 பீஸ் கிடந்தால் 6 நாள். இந்த ஒரு வகுத்தலைச் செய்யப் பழகிவிட்டாலே ரேக்கில் உள்ள பண்டில் (வெட்டிய பீஸ்களின் கட்டு) உங்கள் கண்ணுக்கு நாட்களாகத் தெரியும்.

ஒவ்வொரு பெட்டியின் கீழும் சில எண்கள் வேண்டும். ஒரு பீஸ் அல்லது ஒரு லாட் முடிய எடுக்கும் நேரம், ஸ்டைல் மாற்ற ஆகும் நேரம், அன்று உண்மையில் உட்கார்ந்திருந்த ஆட்கள், ஒரு பண்டிலில் எத்தனை பீஸ், முதல் முறையிலேயே ஓகே ஆனது எத்தனை சதவீதம். நேரத்தை வாட்ச் வைத்துப் பத்து தடவை பாருங்கள்; எஸ்.ஏ.எம். (ஒரு வேலைக்கு நிர்ணயித்த நிமிடம்) தாளிலிருந்து காப்பி அடிக்க வேண்டாம். ஸ்டைல் மாற்றும் நேரம் என்பது பழைய ஸ்டைலின் கடைசி நல்ல பீஸிலிருந்து புது ஸ்டைலின் முதல் நல்ல பீஸ் வரை. மெஷினை நகர்த்திய அரை மணி நேரத்தை மட்டும் எழுதினால் அது பொய்க் கணக்கு. ஆட்கள் எண்ணிக்கையில் ரோலில் உள்ள பெயர்கள் வேண்டாம். தீபாவளி, பொங்கலை ஒட்டி ஊருக்குப் போன ஆட்கள் திரும்பாத வாரத்தில் மேப் எடுக்கவும் வேண்டாம். அந்த எண்கள் மற்ற மாதங்களுக்குப் பொருந்தாது.

முதல் முறை ஓகே சதவீதத்தைத் தனித்தனியே பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். டையிங் 85, கட்டிங் 99, தையல் 90, ஃபினிஷிங் 97 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 73 வரும். நூறு பீஸில் 27 பீஸ் எங்கோ ஓரிடத்தில் திரும்பி நடந்திருக்கிறது. மேப்பில் அந்தத் திரும்பிய பாதைக்கும் ஒரு கோடு போட வேண்டும். பல மேப்களில் அந்தக் கோடே இருக்காது, ஏனென்றால் ஆல்டரேஷன் வேலையை ‘எப்போதும் உள்ளதுதானே’ என்று யாரும் தனி வேலையாக நினைப்பதில்லை.

தையல் பெட்டியில் ஒரு கணக்கு கட்டாயம் வர வேண்டும். எட்டு மணி நேர ஷிப்டில் இரண்டு டீ இடைவேளை போக 450 நிமிடம், அதாவது 27,000 விநாடி. நாளைக்கு 1,500 பீஸ் வேண்டுமானால் 18 விநாடிக்கு ஒரு பீஸ் லைனைவிட்டு வெளியே வர வேண்டும். இதுதான் டாக்ட் நேரம். 6 நிமிட வேலையான டி-ஷர்ட்டுக்கு 360-ஐ 18-ஆல் வகுத்தால் 20 ஆள். 65 சதவீத எஃபிஷியன்சியில் 31 ஆள். சராசரியில் எல்லாம் சரியாக வரும். ஆனால் லைன் சராசரியால் ஓடுவதில்லை, மெதுவான வேலையால்தான் ஓடுகிறது. ஷோல்டர், சைடு, பாட்டம் எல்லாம் 15 விநாடிக்குள் முடிந்து, கழுத்து ரிப் (கழுத்துப் பட்டிக்கான இழுபடும் துணி) வைப்பதற்கு மட்டும் 26 விநாடி ஆகிறது, அங்கே ஒரே ஆள் என்றால், அந்த லைன் எவ்வளவு முட்டினாலும் ஒரு நாளைக்கு 1,038 பீஸைத் தாண்டாது. முன்னால் உள்ளவர்கள் வேகமாகத் தைத்தால் கழுத்து வைப்பவர் பக்கத்தில் மூட்டைதான் உயரும். இரண்டாவது ஆளை அங்கே உட்கார வைப்பதுதான் வழி. இதற்கு யாரையும் திட்ட வேண்டியதில்லை.

ரிப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேப் எடுக்கும்போது மிகவும் மறக்கப்படுவது அதுதான். பாடித் துணிக்கு மட்டும் கோடு வரைந்துவிட்டு ரிப்பை விட்டுவிடுகிறார்கள். ரிப் வேறு மெஷினில், பல சமயம் வேறு யூனிட்டில் பின்னப்படுகிறது. அளவு குறைவாக இருப்பதால் கடைசியில் தனி லாட்டாகச் சாயம் போகிறது. தனிக் குளியலில் போட்டதால் பாடிக்கும் கழுத்துக்கும் ஷேட் ஒட்டுவதில்லை. பாடித் துணி வந்து, வெட்டி, பிரிண்ட் ஆகி, பண்டில் கட்டி ரேக்கில் கிடக்கிறது. ரிப் மறுபடி சாயத்துக்குப் போயிருக்கிறது. 40 கிலோ ரிப் இல்லாமல் ஆயிரக்கணக்கான பீஸ் நிற்கும். மேப்பில் ரிப்புக்குத் தனிக் கிளை வரைந்தால் இது கண்ணில் குத்தும். தீர்வும் எளிது: ரிப்பை முதலில் பின்னுங்கள், ஒவ்வொரு சாய லாட்டிலும் பாடித் துணியோடு அதற்குரிய ரிப்பையும் சேர்த்து ஒரே குளியலில் போடச் சொல்லுங்கள், அந்த லாட் எண்ணோடே கட்டிங்குக்கு அனுப்புங்கள்.

டையிங் யூனிட் ஜாப் ஒர்க்தானே, நம் கையில் இல்லையே என்று அந்த இடத்தில் ஒரு கருப்புப் பெட்டியை வரைந்துவிட்டுப் போவது இரண்டாவது பெரிய தவறு. மேலே சொன்ன 38 நாளில் 11 நாள் டையிங்கின் இரு பக்கமும் கிடப்பவை. அதில் பெரும்பகுதியை உண்டாக்குவது நாம்தான். நான்கு நிட்டிங் மெஷின் நாளைக்கு 800 கிலோ பின்னினால், 5,300 கிலோ முடிய ஏழு நாள் ஆகும். மொத்தமும் முடிந்த பிறகு அனுப்பினால் முதல் நாள் பின்னிய ரோல் ஆறு நாள் சும்மா கிடக்கிறது. பிறகு ஒரே நாளில் 5,300 கிலோவை இறக்கினால் டையிங்கிலும் அது வரிசையில்தான் நிற்கும். 400 கிலோ பிடிக்கும் சாஃப்ட் ஃப்ளோ சாய மெஷினில் ஒரு நிறத்துக்கு எப்படியும் நான்கைந்து லாட் ஆகத்தான் போகிறது. அப்படியிருக்க, 400 கிலோ சேர்ந்ததும் அனுப்புவதில் என்ன தடை? லாட்டுக்கு லாட் ஷேட் மாறும் என்ற பயம் நியாயமானது. ஆனால் அந்த வித்தியாசம் மொத்தமாக அனுப்பினாலும் வரும். லாட் எண்ணை ரோலில் எழுதி, லாட் கலக்காமல் விரித்து வெட்டி, பண்டில் ஸ்டிக்கரிலும் அதே எண்ணைப் போட்டால் அதைக் கட்டுக்குள் வைக்கலாம். டெம்போ வாடகை கூடும் என்பார்கள். அதே டையிங்குக்கு அனுப்பும் பக்கத்துக் கம்பெனியோடு தினம் ஒரு வண்டியைப் பகிர்ந்துகொண்டால் கூடுவதும் பெரிதாக இருக்காது.

டையிங்காரர்களையும் மேப் எடுக்கும் குழுவில் சேர்த்துக்கொள்ளச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு இந்த ஊரில் சாயம் என்றால் ஜீரோ டிஸ்சார்ஜ்தான், அதாவது கழிவுநீர் வெளியே போகக் கூடாது. ஒரு கிலோ துணிக்கு 6 லிட்டர் என்ற 1:6 அளவில் 400 கிலோ லாட்டின் ஒரு குளியலுக்கு 2,400 லிட்டர் தண்ணீர். ப்ளீச்சிங், சாயம், பல கழுவல் என்று ஒரு லாட்டுக்குப் பல குளியல். ஷேட் தப்பி மறு சாயம் போட்டால் அந்தத் தண்ணீரும் உப்பும் மறுபடி சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், ஆர்.ஓ. வடிகட்டி தாண்டி, தண்ணீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டர் வரை நடந்தாக வேண்டும். அதனால் உங்கள் மேப்பில் கால அளவுக் கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு போட்டு, ஒவ்வொரு பெட்டிக்கும் தண்ணீர் லிட்டரும் டேமேஜ் கிலோவும் எழுதுங்கள். வழக்கமான மேப்பில் இந்தக் கோடு இல்லை. நொய்யல் கரையில் தொழில் செய்யும் நமக்கு அது தேவை.

சரக்கின் பாதை பாதி மேப்தான். மீதிப் பாதி தகவல். யார் யாருக்கு என்ன சொன்னார்கள், எதில் சொன்னார்கள், பதில் வர எத்தனை நாள் என்பதையும் தாளின் மேல் பாதியில் கோடுகளாகப் போட வேண்டும். கையால் கொடுக்கும் பேப்பருக்கு நேர்கோடு. மெயில், வாட்ஸ்அப், ஈ.ஆர்.பி.க்கு மின்னல் போல் வளைந்த கோடு. லேப் டிப் (நிறத்துக்கான சின்ன மாதிரித் துணி) அப்ரூவல், பல்க் (மொத்த ஆர்டர் துணி) ஷேட் அப்ரூவல், பிரிண்ட் ஸ்ட்ரைக் ஆஃப் (பிரிண்ட் மாதிரி), சைஸ் செட் (ஒவ்வொரு சைஸிலும் மாதிரி), பி.பி. சாம்பிள் (உற்பத்திக்கு முந்தைய மாதிரி), கேர் லேபிள் ஆர்ட் ஒர்க் என்று ஒவ்வொன்றுக்கும் அனுப்பிய தேதி, பதில் வந்த தேதி. இதைப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும், மூன்று நிறத்தின் லேப் டிப்பும் சேரட்டும் என்று பையரோடு தொடர்பு பார்க்கும் மெர்ச்சண்டைசர் காத்திருந்ததில் முதல் நிறம் எத்தனை நாள் தூங்கியது என்று. கூரியர் செலவை மிச்சம் பிடிக்கத்தான் அவர் அப்படிச் செய்கிறார். அவர் மேல் குற்றமில்லை. அவரிடம் செலவைக் கேட்ட கம்பெனி, நாளைக் கேட்கவில்லை. தயாரான நிறத்தை அன்றே அனுப்புவதும், ஷேட் பேண்ட் (ஏற்றுக்கொள்ளும் நிற வரம்பு) ஒன்றைப் பையரோடு முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு, அதற்குள் வரும் பல்க் லாட்டை இங்கேயே டி65 (பகல் வெளிச்சத்துக்கு ஈடான விளக்கு) வெளிச்சத்தில் பார்த்து ஓகே சொல்லும் அதிகாரம் வாங்குவதும், புது மெஷின் ஒன்றும் வாங்காமல் நாட்களைக் குறைக்கும்.

பி.பி. சாம்பிள் ஓகே ஆகாமல் கட்டிங் தொடங்க முடியாது, பி.பி. சாம்பிளுக்கு உண்மையான பல்க் துணி வேண்டும். துணி ஏழு நாள் டையிங் வாசலில் நின்றால் சாம்பிளும் அதோடு நிற்கும். ஒன்று இன்னொன்றை இப்படிப் பிடித்து வைத்திருப்பது மேப் இல்லாமல் யாருக்கும் முழுதாகத் தெரிவதில்லை. ஒவ்வொரு டிபார்ட்மெண்டும் தன் நியாயத்தைச் சரியாகத்தான் சொல்லும்.

வரைந்து முடித்ததும் தாளின் அடியில் ஏணி போல ஒரு கோடு வரும். மேட்டில் காத்திருந்த நாள், பள்ளத்தில் வேலை நடந்த நேரம். அந்த இரண்டு கூட்டுத்தொகையையும் உரிமையாளர் தன் கையால் எழுத வேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

பல கம்பெனிகளில் முயற்சி செத்துப்போவது இந்த இடத்தில்தான். இப்போதைய நிலையை வரைந்து, லேமினேட் செய்து, ஆடிட்டர் பார்க்கும் சுவரில் மாட்டியதோடு முடிந்துவிடுகிறது. வரும் நிலைக்கான இரண்டாவது மேப் இல்லாவிட்டால் முதல் மேப்புக்குப் பயனில்லை. இரண்டாவதில் என்ன மாறும் என்று நம் எடுத்துக்காட்டை வைத்தே சொல்கிறோம்.

கட்டிங்குக்கும் தையலுக்கும் நடுவே 9,000 பீஸ் கிடப்பதற்குக் காரணம், கட்டிங் டேபிளை நாம் ‘இன்றைக்கு எத்தனை பீஸ் வெட்டினாய்’ என்று மட்டும் கேட்பது. அதனால் எந்தத் துணி சுலபமாகக் கிடைக்கிறதோ அதை வெட்டுகிறார்கள். தேவைக்கு மேல், தேவைக்கு முன் செய்வதுதான் எல்லா வீணிலும் மோசமானது என்று ஓனோ சொன்னதற்குக் காரணம், மற்ற வீண்கள் அதற்குள் ஒளிந்துகொள்ளும். வெட்டிக் கிடக்கும் சிங்கிள் ஜெர்சி ஓரம் சுருளும், ஸ்டிக்கர் விழும், தூசி ஏறும், பண்டில் தேட ஹெல்பர் அரை மணி நேரம் அலைவார். இதற்கு மருந்து ஒரு ரேக். 25 பீஸ் பண்டிலுக்கு 60 அறை. மொத்தம் 1,500 பீஸ், ஒரு நாள் தையலுக்குச் சரி. அறை காலியானால் கட்டிங் அதை நிரப்பும். ரேக் நிறைந்தால் கட்டிங் நிற்கும்.

கட்டிங் மாஸ்டர் சும்மா நிற்பதைப் பார்க்க உரிமையாளர் மனம் ஒப்பாது என்பது தெரியும். உண்மையான போராட்டம் அங்கேதான். அந்த நேரத்தில் அடுத்த லாட் துணியைச் செக் பண்ணலாம், ரோலைப் பிரித்து ரிலாக்சேஷனுக்குப் போடலாம், பிளேடு மாற்றலாம். வெட்டத்தான் கூடாது.

என்ன வெட்டுவது என்பதும் முக்கியம். எஸ் முழுவதும் வெட்டி, பிறகு எம் முழுவதும் என்று போனால், அசார்ட்டட் (சைஸ் கலந்த) பெட்டி கட்ட வேண்டிய பேக்கிங் கடைசி சைஸ் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். மார்க்கரிலேயே (துணியில் வெட்டும் பாகங்களை அடுக்கிக் காட்டும் வரைபடம்) எஸ் ஒன்று, எம் இரண்டு, எல் இரண்டு, எக்ஸ்.எல். ஒன்று என்று பெட்டியின் விகிதத்தில் போட்டால் 100 பிளை லேயில் (100 அடுக்காக விரித்த துணியில்) 600 பீஸ் வரும். அதிலிருந்து அன்றன்றைக்கே பெட்டி மூடலாம். மார்க்கர் எஃபிஷியன்சி (வீணாகாமல் பயன்படும் துணியின் அளவு) குறையுமா என்று கேட்டால், சைஸ்கள் கலந்த மார்க்கரில் பெரும்பாலும் சின்னச் சைஸின் பாகங்கள் பெரியதன் இடுக்கில் போய் உட்காரும். போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

லைனுக்குள் 30 மெஷின், ஒவ்வொருவரிடமும் 25 பீஸ் பண்டில் இரண்டு என்றால் 1,500 பீஸ், அதாவது ஒரு நாள். பண்டிலை 10 பீஸ் ஆக்கினால் 600 பீஸ். 3 மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். ஷோல்டர் டேப்பில் ஒரு டென்ஷன் கோளாறு காலை ஒன்பதுக்குத் தொடங்கினால், முதல் முறையில் சாயங்காலம்தான் கடைசி செக்கிங்கில் தெரியும். இரண்டாவது முறையில் மதியத்துக்குள் தெரியும். திருத்த வேண்டிய பீஸ் பாதிக்கும் கீழே இறங்கும். செக்கிங் டேபிளை மாடியிலிருந்து இறக்கி லைன் கடைசியிலேயே போட்டால் அந்த 2 நாள் காத்திருப்பும் போய்விடும். பிசிறு வெட்டத் தனியாக எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பதும் வேண்டாத வேலைதான். ஓவர்லாக் முடிவில் விடும் நீளமான சங்கிலியை அதே இடத்தில், அதே டெய்லர் கையில் உள்ள கிளிப்பரால் வெட்டிவிட்டால், கடைசியில் வெட்ட மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்த இரண்டு விநாடியையும் அவருடைய ரேட்டில் சேர்த்துக் கொடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்ற முயல வேண்டாம். முதல் சுற்றுக்கு மூன்று போதும்: கிரே துணியை லாட் லாட்டாக அனுப்புவது, கட்டிங் ரேக், சின்னப் பண்டில். கிரே துணி 7 நாளிலிருந்து 2, கட்டிங் 6-லிருந்து 1, லைன் 1 நாளிலிருந்து அரை நாளுக்கும் கீழே. இந்த மூன்றிலேயே 10 நாளுக்கு மேல் குறைகிறது. பிரிண்டிங்கின் 5 நாளையும் அப்ரூவல்களையும் அடுத்த சுற்றில் எடுத்துக்கொள்ளலாம். துணி ரிலாக்சேஷனில் மட்டும் கை வைக்காதீர்கள். அது காத்திருப்பாகத் தெரியும். ஆனால் பிரித்துப் போடாமல் உடனே விரித்து வெட்டினால் வெட்டிய பிறகு துணி சுருங்கி மெஷர்மெண்ட் தப்பும். மேப்பில் உள்ள எல்லாக் காத்திருப்பும் வீண் என்று கணக்குப் போடுகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

தொழிலாளர் பக்கம் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். ஸ்டாப் வாட்சோடு ஒருவர் லைனில் நின்றால், பீஸ் ரேட்டைக் குறைக்கத்தான் வந்திருக்கிறார் என்று டெய்லர் நினைப்பார். முன்பு அப்படி நடந்திருந்தால் அவர் நினைப்பதில் தவறும் இல்லை. அன்று அவர் மெதுவாகத் தைப்பார், உங்கள் எண்கள் அத்தனையும் பொய்யாகும். ஆகவே மேப் எடுக்கும் முன்பே, இதன் பேரில் யாருடைய ரேட்டும் குறையாது, யாருக்கும் வேலை போகாது என்று தமிழிலும் இந்தியிலும் எழுதி, உரிமையாளர் கையெழுத்துப் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். பிறகு அதை மீறக் கூடாது. பண்டிலைச் சின்னதாக்கும்போது கட்டுவது, அவிழ்ப்பது, சீட்டில் எழுதுவது எல்லாம் கூடும். பீஸ் ரேட்டில் இருப்பவருக்கு அது சம்பள இழப்பு. அந்த வேலையை லைன் ஹெல்பரிடம் கொடுங்கள், அல்லது ரேட்டில் சேருங்கள். இதைச் செய்யாத இடத்தில் சின்னப் பண்டில் ஒரு வாரம்கூடத் தாங்காது. டெய்லர்களே இரண்டைச் சேர்த்துக் கட்டிவிடுவார்கள்.

எங்கள் கோரிக்கை இவ்வளவுதான். உங்கள் கம்பெனியின் ஒரு ரவுண்ட் நெக் ஸ்டைலை எடுங்கள். கட்டிங் மாஸ்டர், ஒரு லைன் சூப்பர்வைசர், மெர்ச்சண்டைசர், ப்ராசஸிங் ஃபாலோ-அப் பார்ப்பவர், க்யூ.சி., அனுபவமுள்ள ஒரு டெய்லர், டையிங் யூனிட்டிலிருந்து ஒருவர் என்று ஏழு பேரை மூன்று நாளுக்கு வேறு வேலை கொடுக்காமல் விடுங்கள். முதல் நாள் நடை, இரண்டாம் நாள் இப்போதைய மேப், மூன்றாம் நாள் அடுத்த மேப். நூல் முதல் பெட்டி வரை அந்த ஸ்டைலுக்கு ஒரே ஒருவரைப் பொறுப்பாக்கி, டிபார்ட்மெண்ட் தாண்டிப் பேசும் அதிகாரத்தை அவருக்குக் கொடுங்கள். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முக்கோணமும் இரண்டு டிபார்ட்மெண்டுக்கு நடுவில் அனாதையாகத்தான் கிடக்கும். சனிக்கிழமை சம்பளக் கணக்குக்காக எப்படியும் பீஸ் எண்ணுகிறீர்கள். அதே நாளில் ஒவ்வொரு முக்கோணத்தையும் எண்ணி, தினத் தேவையால் வகுத்து, மேப்பின் அருகில் நாட்களாக எழுதச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து அந்தப் பட்டியலை டையிங், பிரிண்டிங் யூனிட்டாரோடு சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். மிச்சமான நாட்களில் அவர்கள் பங்கு எவ்வளவோ, அதற்கேற்ப பேமெண்டை முன்கூட்டிக் கொடுப்பதையும் அந்த மேசையிலேயே பேசி முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
பின்னலாடை உற்பத்தியில் தொழிற்பொறியியல் பணி செய்வோர்
திருப்பூர்